பதின்மூன்றாம் சம்பளம்

நரிப்பாறைத் தோட்டம்,
பொகவந்தலாவை.
ஸ்ரீமுக வருஷம் வைகாசி 20
1933 ஜூன் 2, வெள்ளிக்கிழமை

அட்டன் கடைவீதி ஜவுளி வியாபாரம் மகாராஜராஜஸ்ரீ மைத்துனர் பொன்னையா அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை மீனம்மாளின் புருஷனும் இத்தோட்டத்துப் பெரிய கிளாக்கருமாகிய அழகையா மெத்தப் பணிவுடன் எழுதிக்கொண்டது. மாரியம்மன் கிருபையால் இவ்விடம் யாவரும் உயிரோடிருக்கிறோம். க்ஷேமம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை ஓடவில்லை. தங்கள் க்ஷேமத்துக்குத் தாங்கள் எழுதினால் போதும். எங்கள் க்ஷேமத்தை விசாரித்து எழுத வேண்டாம். ஒரு விசாரணை வந்துதான் எங்களுக்கு இந்தக் கதி.

நடந்ததை முதலிலிருந்து சொல்வதென்றால் தங்களிடமிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது, கோபித்துக்கொள்ளக் கூடாது. தை மாதம் தாங்கள்தானே தலவாக்கலை மளிகைக்கடை நாகரத்தினம் அவர்களையும் அவர் மகனையும் அழைத்துக்கொண்டு நம் சீதாலெட்சுமியைப் பெண் பார்க்க வந்தீர்கள். பையனை மீனம்மாளுக்குப் பிடித்துப்போயிற்று. சீதாலெட்சுமி குனிந்த தலை நிமிராமல் நின்றாள் என்று தாங்கள் பெருமையாகச் சொன்னீர்கள். இரண்டு தரம் நிமிர்ந்தாள், நான் பார்த்தேன். ஜாதகமும் பொருந்திற்று. அத்தோடு எழுந்திருந்தால் இந்நேரம் நான் பந்தல்காரனைத் தேடிக்கொண்டிருப்பேன். நாகரத்தினம் அவர்கள் வெற்றிலையை நரம்பு கிள்ளிக்கொண்டே, “ஜாதகத்த ஜோசியன் எழுதுறான், சம்பளத்தப் பொண்ணு வீட்டுக்காரரு சொல்றாரு. ரெண்டையும் நம்பிக் கெட்டவங்க ஏராளம். இப்பப் புதுசா வருமான வரின்னு ஒண்ணு வந்திருக்குல்ல? அதுல கூட்டிச் சொல்ற பைத்தியக்காரன் எவனும் இல்ல. நான் கட்டுறேன். எனக்குச் சம்பந்தியா வர்றவரும் கட்டணும். அந்தக் காகிதத்தக் காட்டுங்க, வெத்தல பாக்கு மாத்திக்குவோம்” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், “எங்க மாப்பிள்ளை கட்டாம வேற யாரு கட்டுவா?” என்று தாங்கள் தொடையைத் தட்டினீர்கள்.

மச்சான், நான் கட்டுபவன் இல்லை. அரசாங்கம் ஒரு கோடு கிழித்து வைத்திருக்கிறது. அதற்கு மேலே சம்பாதிப்பவன் கட்ட வேண்டும், கீழே இருப்பவன் கட்ட வேண்டாம். தேயிலை விலை விழுவதற்கு முன்பு நான் கோட்டுக்கு மேலே இருந்தேன், ஆனால் அப்போது இந்த வரி இல்லை. வரி வந்தபோது விலை விழுந்து, பத்தில் ஒரு பங்கு சம்பளத்தை வெட்டி, என்னைக் கோட்டுக்குக் கீழே இறக்கிவிட்டார்கள். மழை பெய்யும்போது குடை இல்லை, குடை கிடைத்தபோது மழை இல்லை. இதைத் தங்களிடம் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். வெட்கமாயிருந்தது, சொல்லவில்லை. என் ஈன புத்தி வேறு வழியில் ஓடிற்று.

எங்கள் தோட்டத்தில் ஒரு மாதத்துச் சம்பளம் அடுத்த மாதம் பத்தாம் தேதிதான் கைக்கு வரும். மார்ச் மாதம் உழைத்ததற்கு ஏப்ரல் பத்தில் காசு. வரிக்காரர்களுடைய வருஷமோ மார்ச் முப்பத்தொன்றோடு முடிந்துபோகிறது. நமக்குச் சித்திரையில் வருஷம் பிறக்கிறது, துரைமாருக்கு ஜனவரியில் பிறக்கிறது, இந்த வரிக்கு மட்டும் இரண்டுக்கும் நடுவே, ஒரு வாழ்த்துக்கூட இல்லாமல் பிறக்கிறது. பிறந்துவிட்டுப் போகட்டும். நான் யோசித்தது என்னவென்றால், மார்ச் சம்பளத்தைப் பத்து நாள் முந்தி, முப்பத்தோராம் தேதிக்குள் வாங்கிவிட்டால் ஒரே வரி வருஷத்தில் பதின்மூன்று சம்பளம் ஆகிவிடும். பன்னிரண்டு கூட்டினால் கோட்டுக்குக் கீழே நிற்கிற அழகையா, பதின்மூன்று கூட்டினால் மேலே நிற்பான். காகிதம் வரும். சீதாலெட்சுமிக்குக் கல்யாணம் ஆகும். ஊரெல்லாம் வரியிலிருந்து தப்பிக்க வழி தேடும்போது, வரிக்குள் நுழைய வழி தேடியவன் இந்த மலைநாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பெரிய துரை ஏப்ரல் இரண்டாம் தேதி சீமைக்கு லீவில் போவதாக இருந்தார். “துரை கணக்கை முடித்துவிட்டுக் கப்பலேறினால் மனம் நிம்மதியாயிருக்கும், மார்ச் சம்பளத்தை இப்போதே கொடுத்துவிடலாமே” என்று மெதுவாகப் போட்டு வைத்தேன். அவருக்கும் அது நியாயமாகப் பட்டது. உத்தியோகஸ்தர்களுக்கு மட்டும் என்றுதான் பேச்சு. ஆனால் ஆபீசில் பேசினது தொழிலாளர் லயத்துக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? மறுநாள் விடியற்காலம் பெரட்டுக் களத்தில், வேலைக்குப் பேர் கொடுக்க நின்ற அத்தனை பேரும் அசையவில்லை. முன்னால் நின்றவள் காளியாயி. கொழுந்து எடுப்பதிலும் நியாயம் பேசுவதிலும் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. “கொழுந்து எடுக்குறது நாங்க, சம்பளம் முந்தி வாங்குறது நீங்களா? எங்களுக்கும் மாரியம்மன் திருவிழா வருதுங்க, எங்களுக்கும் சித்திர பொறக்குதுங்க” என்றாள். துரை மோவாயைத் தடவிவிட்டு, கொடுத்தால் எல்லோருக்கும், இல்லாவிட்டால் யாருக்கும் இல்லை என்று சொல்லிவிட்டார். என் ஒருவனுடைய காகிதத்துக்காக முன்னூற்று எண்பத்தாறு பேருக்கு மார்ச்சை முடிக்க வேண்டியதாயிற்று.

முப்பத்தோராம் தேதி வெள்ளிக்கிழமை. அன்றைய வேலை முடியாமலே அன்றைக்கும் சேர்த்துச் செக்ரோல் பேரேட்டில் எல்லோருக்கும் பேர் போட்டுக் கணக்கை முடித்தேன். பேர்தான் விழுந்துவிட்டதே, பிறகு எதற்கு மலைக்குப் போவது என்று ஒரு ஜீவனும் கூடையை எடுக்கவில்லை. ஒரு நாள் கொழுந்து செடியிலேயே முற்றிப்போயிற்று. பெரிய துரைக்கு அடுத்தவரான சின்ன துரை அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். தோட்ட வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா பழனியாண்டி வாடகை மோட்டாரில் அட்டனுக்கு, பாங்கியிலிருந்து பணப்பெட்டியை எடுத்து வரப் போயிருந்தார். சாயங்காலத்துக்குள் வந்துவிடுவார், அதற்குள் நேரத்தை வீணாக்குவானேன் என்று நான் காலையிலேயே மேசையைப் போட்டு, மைப்பெட்டியைத் திறந்து, சம்பளம் பெற்றுக்கொண்டதாக எல்லோரிடமும் கைநாட்டு வாங்கிவிட்டேன். தேதி மார்ச் 31. என் சம்பளத்துக்கு நானும் கையெழுத்துப் போட்டேன். காளியாயி தன் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “மையி வந்துருச்சு, காசு எங்கங்கையா?” என்றாள். “பின்னாலே வருது போ” என்றேன். அந்த வார்த்தைக்கு என்ன விலை கொடுக்கப்போகிறேன் என்று அப்போது தெரியவில்லை.

நாலு மணிக்கு இடி இடித்து மழை பிடித்துக்கொண்டது. ஐந்தரைக்கு ஆபீஸ் சேவகன் செல்லசாமி தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடிவந்து, “ஐயா, நம்ம எல்லைக் கல்லுக்கிட்ட மரம் விழுந்து ரோட்ட மறிச்சிருச்சு, மோட்டாரு நிக்குது” என்றான். நான் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன் மச்சான். ஐம்பத்திரண்டு வயசில், அட்டைக் கடியோடு, மழையில். போய்ப் பார்த்தால் மோட்டாரின் முன் சக்கரம் எல்லைக் கல்லுக்கு இப்புறம் நம் தோட்டத்தில், பின் சக்கரம் அப்புறம். உள்ளே பழனியாண்டி, மடியருகே பெட்டி. “என் சம்பளத்தை மட்டும் எடுத்துக் குடுங்க கண்டாக்கையா, இன்னைக்கே வேணும்” என்று கெஞ்சினேன். “சாவி தொரகிட்ட இருக்கு, தொர கிளப்புல பிரிவு விருந்துல இருக்காரு. பெட்டிய நான் எறக்க மாட்டேன், என் வேல போயிரும்” என்றார். அவர் பயம் அவருக்கு. ஜன்னல் வழியாகக் கையை விட்டுப் பெட்டியைத் தொட்டுவிட்டு நின்றேன். குளிர்ந்து கிடந்தது. பழனியாண்டி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, மோட்டாரைப் பின்னாலே எடுத்துக் கடைவீதிக்குத் திருப்பிவிட்டார். மறுநாள் மரத்தை வெட்டி அகற்றி, பதினோரு மணிக்குச் சம்பளம் போட்டோம். மறுநாள் என்றால் ஏப்ரல் ஒன்று. துரைமார் ஒருவரை ஒருவர் முட்டாளாக்கி விளையாடுகிற நாளாம். என்னை ஆக்க வேறு யாரும் வேண்டியிருக்கவில்லை.

அப்போதாவது விட்டுத் தொலைத்திருக்கலாம். விடவில்லை. கையெழுத்து முப்பத்தொன்றில் இருக்கிறதே, எழுத்துத்தானே சாட்சி என்று வரிப் பாரத்தில் பதின்மூன்று சம்பளத்தையும் காட்டி அனுப்பிவிட்டேன். வரி ஆபீசிலிருந்து மரியாதையாகப் பதில் வந்தது: வருஷத்துக்குப் பன்னிரண்டு மாதங்கள்தான், தாங்கள் பதின்மூன்று காட்டியிருக்கிறீர்கள், கைப்பிசகாக இருக்கலாம். கைப்பிசகு இல்லை, எனக்கு வரி போடுங்கள் என்று எழுதினேன். மார்ச் சம்பளம் ஏப்ரலில்தானே வந்திருக்கும் என்று கேட்டார்கள். வந்தது மார்ச்சில் என்று எழுதினேன். இப்படி ஐந்து கடிதம். ஐந்தையும் சீதாலெட்சுமிதான் தன் முத்துப் போன்ற இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். மூன்றாவது கடிதத்தில், “அப்பா, காசு ஒண்ணாந் தேதிதானே வந்துச்சு?” என்றாள். “பெரியவங்க விஷயம், எழுது” என்றேன்.

போன செவ்வாய்க்கிழமை கொழும்பிலிருந்து வரி ஆபீஸ் இளைஞர் ஒருவர் வந்தார். தோட்டத்துக் கம்பெனிக் கணக்கைப் பார்க்கத்தான் வந்தாராம், ஆனால் என் ஐந்து கடிதமும் அவர் தோல் பைக்குள் இருந்தன. “வரி வேண்டாமென்று எழுதுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வேண்டுமென்று ஐந்து முறை எழுதியவரைப் பார்க்க ஆசைப்பட்டேன்” என்று இங்கிலீஷில் சொல்லிக் கைகொடுத்தார். நல்ல பிள்ளை மச்சான், அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. பக்கத்தில் சின்ன துரை. இப்போது அவர்தான் பெரிய துரையின் நாற்காலியில். இளைஞர் சம்பளத் தாளைப் புரட்டினார், தேதியைப் பார்த்தார், பாங்கிச் சீட்டைப் பார்த்தார், “பணம் எப்போது உங்கள் கைக்கு வந்தது?” என்றார். “முப்பத்தொன்றாம் தேதி ஐந்தரை மணிக்குத் தோட்டத்து எல்லைக்குள் வந்துவிட்டது சார்” என்றேன். “உங்கள் கைக்கு?” என்றார். “பெட்டியைத் தொட்டேன் சார்” என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, சம்பளம் வாங்கின யாராவது ஒரு தொழிலாளியைக் கூப்பிடச் சொன்னார். செல்லசாமிக்கு வழியில் அகப்பட்டவள் யார் தெரியுமா? காளியாயிதான்.

அவருக்குத் தமிழ் தெரியாது, காளியாயிக்கு இங்கிலீஷ் தெரியாது. மொழிபெயர்க்க வேண்டியவன் நான். என் கழுத்துக்கு நானே சுருக்குப் பின்ன வேண்டும், அதையும் முடிச்சுப் பிசகாமல் பின்ன வேண்டும், ஏனென்றால் சின்ன துரைக்குத் தோட்டத்துத் தமிழ் அத்துபடி. “மார்ச் சம்பளம் என்னிக்கு வந்துச்சுன்னு ஐயா கேக்குறாரு” என்றேன். என் முகத்தைப் பார்த்து ஏதாவது புரிந்துகொள்வாளா என்று கண்ணைக்கூடச் சிமிட்டிப் பார்த்தேன். அவள் கூடைக் கயிற்றை நெற்றியிலிருந்து எடுத்துவிட்டு, “மையி வெள்ளிக்கெழம வந்துச்சுங்க, காசு சனிக்கெழம வந்துச்சுங்க. வெள்ளிக்கெழம வந்திருந்தா எம் புள்ளைக்கு அன்னிக்கே மருந்து வாங்கியிருப்பேன். சனிக்கெழமதாங்க வாங்குனேன்” என்றாள். மருந்து விஷயம் எனக்கு அதுவரை தெரியாது. வார்த்தைக்கு வார்த்தை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன்.

“அவ்வளவுதான் விஷயம். எது எந்த வருஷத்தில் கையில் வருகிறதோ அது அந்த வருஷத்துக்கு” என்றார் இளைஞர். “மார்ச் சம்பளம் புது வருஷத்தோடு போகும். போன வருஷத்துக்கு உங்களுக்குப் பன்னிரண்டுதான், கோட்டுக்குக் கீழே. வரி கிடையாது, சந்தோஷமாக இருங்கள்.” நான் எழுந்து நின்று, “கொஞ்சமாவது போடுங்கள் சார், அஞ்சு ரூபாயாவது” என்றேன். சிரித்துவிட்டார். சின்ன துரை சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து சின்னப் புஸ்தகத்தை எடுத்து ஏதோ ஒரு வரி எழுதிக்கொண்டார். காசு வருமுன்னே கைநாட்டு வாங்கினது, ஒரு நாள் கொழுந்து போனது எல்லாம் அதிலே ஏறியிருக்கும். ஆனாலும் வாயால் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. இருபத்திரண்டு வருஷ உழைப்புக்கு அவ்வளவு மரியாதையாவது வைத்தாரே என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். மீனம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கிட்டு உள்ளே போயிட்டாள். சீதாலெட்சுமி அழலை. “வராததை வந்துச்சுன்னு அஞ்சு தடவ என் கையால எழுத வெச்சீங்களேப்பா. அந்தக் காளியாயி ஒரு தடவயில உண்மையச் சொல்லிட்டா” என்றாள். அப்புறம் மைக்கூட்டை எடுத்து அலமாரிக்குள்ள வெச்சுட்டாள், இனி எனக்கு எதுவும் எழுதித் தரமாட்டாளாம். இந்தக் கடிதத்தின் எழுத்து கோணல்மாணலா இருக்கிறதுக்கு அதுதான் காரணம், மன்னிக்கணும். எனக்குத்தான் மச்சான் அழுகை வந்துச்சு. பெண்ணுக்கு நகை போட முடியலைன்னா சொல்லிக்கலாம். அவ கையெழுத்தைப் பொய்யாக்கினதை யார்கிட்ட சொல்லிக்கிறது?

ஆகையால் தங்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றே. வருகிற ஞாயிற்றுக்கிழமை நாகரத்தினம் அவர்கள் தங்கள் கடைக்குக் காகிதம் பார்க்க வருவார். அவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள். அழகையா வரி கட்டுபவன் இல்லை, கட்டுகிற யோக்கியதையும் இல்லை, வேறு நல்ல இடம் பார்த்துக்கொள்ளுங்கள், பெண் வீட்டார் மனக்குறை இல்லாமல் விலகிக்கொள்கிறார்கள் என்று சொல்லுங்கள். பெண் பார்க்க வந்தபோது அவர் வைத்துவிட்டுப் போன வெள்ளித் தாம்பாளத்தைச் செல்லசாமியிடம் கொடுத்தனுப்புகிறேன். பொய் சொல்லிக் கல்யாணம் வேண்டாம். ஏதோ, இந்தக் கெட்ட காலத்தில் வேலை என்று ஒன்றும், தலைக்கு மேலே ஆபீஸ் குவாட்டர்ஸ் கூரையும் மிஞ்சியிருக்கின்றன. அதை வைத்து இன்னும் இரண்டு வருஷத்தில் வேறு வரன் பார்த்துக்கொள்வேன்.

தங்கள் சம்சாரத்துக்கு எங்கள் நமஸ்காரம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். தங்கள் கடையில் கல்லாப்பெட்டி நிறையட்டும், ஆனால் கோட்டைத் தாண்டுவதும் தாண்டாததும் தங்கள் இஷ்டப்படியே நடக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாறாத,
க. அழகையா

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது செல்லசாமி வந்தான். தாம்பாளத்தை வாங்கிட்டுப் போகத்தான் வந்தான்னு நினைச்சேன். சின்ன துரை கையெழுத்துப் போட்ட கடுதாசி ஒண்ணை நீட்டினான். சிக்கனத்தை முன்னிட்டுத் தோட்டத்துக்குப் பெரிய கிளாக்கர் வேண்டியதில்லையாம், சின்னக் கிளாக்கரே பார்த்துக்குவாராம். ஜூன் முப்பதோட என் வேலை தீருது. குத்தம்னு ஒரு வார்த்தை எழுதலை, சிக்கனம்னு மட்டும்தான் எழுதியிருக்கார். இருபத்திரண்டு வருஷ சேவைக்காக ஒரு வருஷச் சம்பளம் மொத்தமா அன்னைக்கே கையில கொடுப்பாங்களாம். குவாட்டர்ஸையும் அன்னைக்கே காலி பண்ணிடணும்.

படிச்சதும் கை தானாவே கூட்ட ஆரம்பிச்சிருச்சு மச்சான், தொழில் புத்தி போகுமா? ஏப்ரல் ஒண்ணுல வந்த அந்தப் பாழாப்போன மார்ச் சம்பளம் ஒண்ணு. ஏப்ரல், மே, ஜூன், ஆக நாலு. இந்த மொத்தம் பன்னிரண்டு. பதினாறு! எது எந்த வருஷம் கையில வருதோ அது அந்த வருஷத்துக்குன்னு அந்தப் பிள்ளை சொன்ன கணக்குப்படி பார்த்தா, இந்த வருஷம் நான் கோட்டுக்கு மேலே எங்கேயோ நிக்கிறேன். கல்யாணத்துல பதினாறும் பெறணும்னு வாழ்த்துவாங்க. எனக்கு வேலை போறப்ப கிடைச்சிருக்கு.

அதனால மேலே எழுதினது எதையும் நாகரத்தினம் அவர்கள்கிட்ட சொல்லாதீங்க. தாம்பாளமும் வரலை, செல்லசாமியை வெறுங்கையோட அனுப்பிட்டேன். கல்யாணத்தை அடுத்த சித்திரைக்குத் தள்ளி வெக்கச் சொல்லுங்க, அதுக்குள்ள காகிதம் வந்துடும், இந்தத் தடவை அசல் காகிதம். அவர் கேட்டது காகிதம்தான். சம்பந்திக்கு வேலை இருக்கான்னு அவர் கேக்கலை. கேட்டா மட்டும் பொய் சொல்லாதீங்க, சீதாலெட்சுமிக்குப் பிடிக்காது.

மீனம்மாகிட்ட இன்னும் சொல்லலை. அடுப்படியில பாடிக்கிட்டு இருக்கா, மூணு நாளைக்கப்புறம் இன்னைக்குத்தான் பாடுறா. இன்னொண்ணு. வரிக் காகிதம் வந்து சேர வரி ஆபீசுக்கு ஒரு விலாசம் எழுதிப் போடணும். ஜூன் முப்பதுக்கு அப்புறம் எங்களுக்கு விலாசம் கிடையாது. உங்க கடை விலாசத்தைக் குடுக்கலாம்னு இருக்கேன். காகிதம் வந்தா சாரல் அடிக்காத இடமாப் பார்த்து வெச்சிருங்க. எங்களுக்கும் ஒரு இடம் பார்த்து வையுங்க.